படையைக் கூட்டினார்கள், சாவு குறைந்தது: அதனால்தான் குறைந்ததா?

கோபி வாத்தியார் | ஞாயிறு இரவு 8.40

வணக்கங்க. போன வாரம் புள்ளியியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே பல தொழிலில் இருக்கிறவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

2007 ஜனவரி 10 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், ஈராக்குக்கு 20,000-க்கு மேல் கூடுதல் வீரர்களை அனுப்பப்போவதாக அறிவித்தார். ஐந்து பிரிகேடுகள் (ஒவ்வொன்றும் சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு), பெரும்பாலும் பாக்தாத்துக்கு. துணைப் படைகளையும் சேர்த்து அது கடைசியில் 30,000-ஐ நெருங்கியது. ஐந்தாவது பிரிகேடு போய்ச் சேர்வதற்குள் ஜூன் ஆகிவிட்டது. அந்த மே மாதத்தில் மட்டும் 126 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். டிசம்பரில் 23 பேர். ஈராக் மக்களின் சாவும் இறங்கியது. செய்திகளையும் பிணவறைப் பதிவுகளையும் வைத்து எண்ணிய ஈராக் பாடி கவுண்ட் அமைப்பின் கணக்கில் 2006-ல் 29,000-க்கு மேல், 2007-ல் 26,000-ஐ ஒட்டி, 2008-ல் 10,000-ஐ ஒட்டி. "அப்படியானால் படையைக் கூட்டியது பலித்தது என்று எழுதலாமா சார்?" என்றாள்.

எனக்கு உறுத்துவது இதுதான். 2007 வசந்தத்தில் வீரர்கள் அதிகமாகச் செத்தபோது, "இதுவரை நுழையாத இடங்களுக்குள் நுழைகிறோம், சேதம் கூடத்தான் செய்யும்" என்றார்கள். அதுவும் நியாயமான விளக்கம்தான். பிறகு சாவு குறைந்தபோது, "பார்த்தீர்களா, பலித்துவிட்டது" என்றார்கள். ஏறினாலும் நல்லது, இறங்கினாலும் நல்லது என்றால் அந்த எண்ணை வைத்து எதை அளக்க முடியும்? எதைப் பார்த்தால் "இது பலிக்கவில்லை" என்று ஒப்புக்கொள்வோம் என்பதை முதலிலேயே எழுதி வைக்காமல் இறங்கினால், கிடைக்கிற எந்தக் கணக்கும் சாதகமாகத்தான் தெரியும். என் முடிவு இது. தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.


பல்லடம் போர்வெல் | ஞாயிறு இரவு 9.25

வாத்தியாரே, இதை நான் வருசா வருசம் பார்க்கிறேனுங்க. எங்கள் ஊர்ப் பக்கம் 1,000 அடி போட்டும் புகை மட்டும் பறக்கிற பூமி. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு வருசம் போர்வெல்லைச் சுற்றிக் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் போட்டு, மழைத்தண்ணீர் இறங்குகிற மாதிரி செய்தார். அந்த ஐப்பசியில் தண்ணீர் மேலே வந்துவிட்டது. ஊரெல்லாம் குழியைப் பார்க்க வந்தது. நாலு பேர் அதே மாதிரி வெட்டினார்கள். ஆனால் அந்த வருசம் மழை எப்படி என்றால், குழியே வெட்டாத என் போரிலும் தண்ணீர் ஏறியிருந்தது. எவ்வளவு ஏறியது என்று கயிறு விட்டுப் பார்த்தோம். அவருடையதில் கொஞ்சம் கூடுதல். அந்தக் கொஞ்சம்தான் குழி கொடுத்தது, மிச்சமெல்லாம் மழை.

ஈராக்கில் அந்த வருசம் வேறு என்ன மழை பெய்தது என்று பார்க்க வேண்டாமா? அன்பார் மாகாணத்து சுன்னி ஷேக்குகள், அதாவது குலத் தலைவர்கள், அல் கைதாவுக்கு எதிராகத் திரும்பியது 2006 செப்டம்பரில். புஷ் அறிவிப்பதற்கு நாலு மாதம் முன்னாலேயே. ஷியா பக்கத்தில் ஆயுதக் குழுத் தலைவர் முக்ததா அல் சதர் தன் ஆட்களை ஆறு மாதத்துக்கு ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னது 2007 ஆகஸ்ட் 29-ல். அவர் சொன்ன அடுத்த மாதத்திலிருந்து பாக்தாத்தில் பிணம் குறைந்தால் அது யார் கணக்கு?


கோவை உக்கடம் | ஞாயிறு இரவு 10.05

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006 பிப்ரவரி 22-ல் சமாராவில் அல் அஸ்கரி மசூதியைத் தகர்த்ததற்குப் பிறகு பாக்தாத்தில் சுன்னிகளும் ஷியாக்களும் கலந்திருந்த தெருக்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கூடுதல் படை வந்து சேர்வதற்குள் விரட்டுகிறவர்கள் நிறைய இடங்களில் விரட்டி முடித்துவிட்டார்கள். நாட்டை விட்டுப் போனவர்கள் 20 லட்சம் பேர் அளவில், உள்நாட்டிலேயே இடம் மாறியவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு சொன்னது. 2008-ல் கலிபோர்னியா புவியியலாளர்கள் செயற்கைக்கோள் படங்களில் பாக்தாத்தின் இரவு விளக்குகளைப் பார்த்தார்கள். சுன்னிகள் இருந்த பகுதிகள் படை பெருகுவதற்கு முன்னாலேயே இருண்டுபோயிருந்தன. கொல்வதற்கு ஆளில்லாத தெருவில் கொலை குறையத்தான் செய்யும்.

நான் உக்கடத்தில் கடை வைத்திருந்த குடும்பம். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் போனார்கள். அதற்கு முந்தின வருசக் கலவரத்திலிருந்தே கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள். மணல் மூட்டை, தடுப்பு, துப்பாக்கியோடு காவலர்கள். அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கடைக்கு இருபது வருசமாக வந்த வாடிக்கைக்காரர்கள் வரவில்லை. அப்பா கணக்கு நோட்டில் பெயர் பெயராக வைத்திருப்பார், சீட்டுப் பணம் கட்டுகிறவர்கள், மாதக் கடன்காரர்கள். பக்கம் பக்கமாக எழுத்தே இல்லாமல் கிடந்தது. அமைதி திரும்பிவிட்டதா என்று யாராவது கேட்டால் அப்பா அந்த நோட்டைத்தான் பார்ப்பார், சாவடியைப் பார்க்க மாட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு இந்தப் பக்கத்து ஆட்டோ அந்தப் பக்கம் சவாரி ஏற்றியது எப்போது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத்தான் அம்மா "இனிப் பரவாயில்லை" என்றார்.

பாக்தாத்தில் 2007 ஏப்ரலில் அதாமியாவைச் சுற்றி கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். அந்த மக்களே எதிர்த்தார்கள். சுவருக்குள் குண்டுவெடிப்பு குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் என் கேள்வி.


அரச்சலூர் ஹவில்தார் (ஓய்வு) | திங்கள் காலை 6.10

எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். 2006-க்கும் 2008-க்கும் நடுவில் சாவு வருசத்துக்கு 19,000 குறைந்திருக்கிறது. அதை மழை, சுவர் என்று எளிதில் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு சாவடியில் ஆறு பேர் நிற்பதற்கும் பதினெட்டுப் பேர் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் நின்றவனுக்குத் தெரியும். ஆறு பேர் என்றால் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதே வேலை. பதினெட்டுப் பேர் என்றால் ரோந்து போகலாம், ஒரே தெருவில் தினமும் முகம் காட்டலாம். 2007-ல் ஈராக்கில் அமெரிக்கப் படைத்தளபதியாக இருந்த பெட்ரேயஸ் செய்தது அதுதான். பெரிய முகாமுக்குள் இருந்த ஆட்களைக் குடியிருப்புகளுக்குள்ளே சின்னச் சின்ன நிலையங்களில் கொண்டுபோய் வைத்தார். எண்ணிக்கை கூடியது பாதி, நிற்கிற இடம் மாறியது பாதி. 2006-லும் பாக்தாத்தில் ஆள் சேர்த்துப் பார்த்தார்கள், பிடித்த இடத்தில் தங்குவதற்கு ஆள் போதாமல் அது கெட்டுப்போனது.

நான் 1987-ல் யாழ்ப்பாணம் போனவன். அமைதிப்படை ஒரு டிவிஷனாகப் போய் நாலு டிவிஷனாக வளர்ந்தது. 1990 மார்ச்சில் திரும்பி வந்தோம். நம் வீரர்கள் 1,100 பேருக்கு மேல் திரும்பவில்லை. அங்கே தமிழர்கள் பட்டதை நான் இங்கே எழுதினால் இந்த இழை போதாது. தமிழ் பேசுகிறவன் என்று என்னைச் சாவடியில் முன்னால் நிறுத்துவார்கள். முதலில் தயிர் விற்கிற ஒரு அம்மா தினமும் நின்று, எந்த ஊர் தம்பி, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அக்டோபர் சண்டைக்குப் பிறகு அதே அம்மா அதே வழியில்தான் வந்தார். தலைப்பாரத்தை இறக்கிக் காட்டுவார், தூக்கிக்கொண்டு போவார். ஒரு வார்த்தை கிடையாது. பிடித்த துப்பாக்கி இத்தனை என்று பொழுதோட எழுதுகிற கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த அம்மாவின் வாய் மூடிய அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆள் கூட்டுவது பலிக்கும், பலிக்காமலும் போகும். அந்த ஊர்க்காரன் உனக்குச் சேதி சொல்கிறானா என்று பார்.


பல்லடம் போர்வெல் | திங்கள் காலை 7.30

ஐயா, வணக்கம். நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். மழையை மட்டும் சொன்னது தப்புத்தான். குழி வெட்டாமல் இருந்திருந்தால் அந்த மழைத்தண்ணீரில் பாதி ஓடைக்குப் போயிருக்கும்.


கோபி வாத்தியார் | திங்கள் மதியம் 1.15

ஹவில்தார் ஐயா சொன்னதற்கு ஆய்வும் ஒத்துப்போகிறது. 2012-ல் ஸ்டீபன் பிடில் உள்ளிட்ட மூவர், ஈராக்கில் பணிபுரிந்த 70 அதிகாரிகளிடம் பகுதி பகுதியாகக் கேட்டு எழுதினார்கள். படை மட்டும் போதாது, சுன்னிகள் திரும்பியது மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த வேகத்தில் குறைந்தது என்பது அவர்கள் முடிவு. ஷேக்குகள் முன்பும் அல் கைதாவை எதிர்த்துப் பார்த்திருக்கிறார்கள், காக்க ஆளில்லாமல் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கொலைகள் முடிந்துபோனதால் குறைந்தது என்ற வாதத்தை அவர்கள் ஏற்கவில்லை. உக்கடம் அக்கா இதையும் பார்க்க வேண்டும். எனக்கு அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி என்றே படுகிறது.

சேதி சொல்வது பற்றி ஒன்று. 2007 செப்டம்பரில் பெட்ரேயஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்னபோது, அந்த வருசம் அதுவரை 4,400-க்கு மேல் ஆயுதக் கிடங்குகளைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். முந்தின முழு வருசத்தைவிட 1,700 கூட. ஊர்க்காரர்கள் காட்டிக்கொடுத்ததால் கூடியதா, தேடும் ஆட்கள் கூடியதால் கூடியதா, அல்லது ஒளித்து வைக்கிற ஆயுதமே கூடிவிட்டதா? எண்ணுக்குப் பக்கத்தில் தயிர்க்கார அம்மா இல்லாவிட்டால் எண் ஊமைதான்.


சத்தி வாழைத்தோப்பு | திங்கள் இரவு 8.00

படிக்கப் படிக்க ஒரு விசயம் விட்டுப்போகிற மாதிரி இருக்கிறதுங்க. எதற்காகக் கூட்டினார்கள்?

எங்கள் தோப்பில் நேந்திரன் குலை தள்ளியதும் ஒவ்வொரு மரத்துக்கும் சவுக்குக் கம்பு வாங்கி முட்டுக் கொடுக்கிறோம். காற்று வந்தால் ஒரு ராத்திரியில் தோப்பே படுத்துவிடும். முட்டுக் கொடுத்த மரம் நிற்கிறது என்று யாரும் பெருமை பேச மாட்டார்கள். முட்டு குலை முற்றுகிற வரைக்கும்தான். முற்றியதும் வெட்டி வண்டி ஏற்றினால்தான் கம்புக்குப் போட்ட காசு மிஞ்சும். மரம் நிற்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தால் குலை பழுத்து அழுகும், கம்புக் கடன் மட்டும் நிற்கும்.

புஷ் அந்த உரையிலேயே சொன்னது, ஈராக் தலைவர்கள் சமரசம் செய்துகொள்ள அவகாசம் வேண்டும் என்பது. குலை என்பது அந்தச் சமரசம். அமெரிக்க நாடாளுமன்றம் 18 அளவுகோல் வகுத்தது. எண்ணெய் வருமானம் பங்கிடும் சட்டம், சதாம் உசேனின் பாத் கட்சிக்காரர்களை வேலையில் திரும்பச் சேர்க்கும் சட்டம், மாகாணத் தேர்தல், ஆயுதக் குழுக்களைக் கலைப்பது என்று. 2007 ஜூலையில் வெள்ளை மாளிகை தானே மார்க் போட்டது: 8 திருப்தி, 8 திருப்தியில்லை, 2 இரண்டுங்கெட்டான். செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் மார்க் போட்டது: 3 நிறைவேறியது, 4 பாதி, 11 இல்லை. நடுவில் இரண்டு மாதந்தான். வெள்ளை மாளிகை, போகிற திசை சரியா என்று பார்த்தது. தணிக்கைக்காரர்கள், முடிந்ததா என்று பார்த்தார்கள்.


கோபி வாத்தியார் | திங்கள் இரவு 8.35

இது என் முதல் பதிவையே அசைக்கிறது. முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்றேன். அவர்கள் எழுதித்தான் வைத்திருந்தார்கள், 18 இனமாக! எழுதி வைத்தும் என்ன ஆனது? செப்டம்பர் வந்தபோது எல்லோர் கண்ணும் சாவுக் கோட்டின் மேல் போய்விட்டது. வரைபடத்தில் காட்ட எளிதாக இருந்தது அதுதான். பாத் கட்சிக்காரர்கள் பற்றிய சட்டம் 2008 ஜனவரியில் வந்தது, மாகாணத் தேர்தல் 2009 ஜனவரியில் நடந்தது. எண்ணெய்ச் சட்டம் வரவேயில்லை. அப்படியானால் எழுதி வைப்பது மட்டும் போதாது. எழுதி வைத்ததைக் கேட்கிற நாளில் வேறு எண்ணைக் காட்டினால், இது நாங்கள் கேட்டது இல்லை என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.


நாமக்கல் டிரிப் ஷீட் | செவ்வாய் காலை 11.00

நாங்கள் லாரிக்காரர்கள். எங்கள் வண்டி காஷ்மீரும் போகும், மணிப்பூரும் போகும். எந்த மாநிலத்தில் அமைதி வந்தது என்று எங்களுக்குப் பேப்பர் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. முன்னால் இருக்கிற டிரிப் ஷீட்டைப் பார்த்துச் சொல்கிறேன். மணிப்பூர் லோடு. போகிற வழியில் மூன்று இடத்தில் "ஹால்ட், பகல்" என்று டிரைவர் எழுதியிருக்கிறார், அதாவது ராத்திரி ஓட்டவில்லை. ஒரு இடத்தில் "கான்வாய்க்கு நின்றது 2 நாள்". வழிச்செலவில் ரசீது இல்லாத தொகை நாலு வரி. படி வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு கேட்டு வாங்கியிருக்கிறார். கிளீனர் வரமாட்டேன் என்று சிலிகுரியிலேயே இறங்கிக்கொண்டான்.

அந்த ரோட்டில் எத்தனை கம்பெனி படை நிற்கிறது என்று டிவியில் சொல்வார்கள். கான்வாயில் போனால்தான் போக முடியும் என்றால் ரோடு இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். வாடகை இறங்க வேண்டும். ரசீது இல்லாத வரி குறைய வேண்டும். டிரைவர் ராத்திரி ஓட்டிவிட்டுக் காலையில் சாதாரணமாகப் போன் பண்ண வேண்டும்.

இதையே டேவிட் கில்கல்லன் என்ற ஆஸ்திரேலியக்காரர், 2007-ல் பாக்தாத்தில் பெட்ரேயஸுக்கு ஆலோசகராக இருந்தவர், பிறகு ஆப்கானிஸ்தானுக்கு எழுதியிருக்கிறார். அந்த வட்டாரத்தில் விளையாத காய்கறி சந்தையில் என்ன விலை என்று பாருங்கள் என்றார். வெளியிலிருந்து வருகிற காய்க்கு வழியில் கொடுக்கிற மாமூலும் பயத்துக்கான கூலியும் விலையில் ஏறிவிடும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கூட இதைச் சொல்லுவார்.


கோவை உக்கடம் | செவ்வாய் மதியம் 2.20

அப்பாவின் நோட்டும் உங்கள் டிரிப் ஷீட்டும் ஒரே ஜாதி, அண்ணா. யாரையும் நம்பவைப்பதற்காக எழுதியது இல்லை என்பதால்தான் அதை நம்ப முடிகிறது. வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். எதிரியின் பிணத்தை எண்ணி வெற்றி அளந்தார்கள். எண்ணுகிறவனுக்குப் பதவி உயர்வு அந்த எண்ணில் இருந்தது. 1967-லிருந்து குக்கிராமம் குக்கிராமமாக, எது எவ்வளவு பத்திரம் என்று ஏ முதல் ஈ வரை மார்க் போட்டு மாதாமாதம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அந்த வருசக் கடைசியில் படை 4,85,000-ஐத் தாண்டியிருந்தது, மார்க்கும் ஏறிக்கொண்டிருந்தது. 1968 ஜனவரி முடிவில், எதிரி தெற்கு வியட்நாம் முழுக்க ஒரே நேரத்தில் பாய்ந்த டெட் தாக்குதல் வந்தது.

வாத்தியாரே, பிடில் சொன்னதையும் பார்க்கிறேன். என் வாதத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன், முழுக்க இல்லை.


வாத்தியாரின் மாணவி | செவ்வாய் இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கேட்டது நான்தான். சார் இந்த இழையைக் காட்டினார். நான் ஒரே கேள்வியை வெவ்வேறு தேதியில் நின்று கேட்டுப் பார்த்தேன்.

2007 மே: பலிக்கவில்லை என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். 2008 ஜூலை, கூடுதல் பிரிகேடுகள் திரும்பிய நேரம்: பலித்தது. 2011 டிசம்பர், கடைசி அமெரிக்க வீரர்கள் வெளியேறியபோது: பலித்ததாகத்தான் பலர் எழுதினார்கள். 2014 ஜூன் 10, மோசுல் ஐ.எஸ். கையில் விழுந்தபோது? மாதம் சுமார் 300 டாலர் வாங்கிக்கொண்டு காவல் நின்ற சுன்னி ஆட்கள் ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தார்களே, அவர்களை ஈராக் அரசு தன் படையிலும் வேலையிலும் சேர்ப்பதாகச் சொன்னது, பெரும்பாலானவர்களை வைத்துக்கொள்ளவில்லை. வாழைத்தோப்பு அண்ணா சொன்ன குலை வெட்டப்படவில்லை. ஆனால் 2014-ல் நடந்ததற்கு 2007-ல் போன வீரரைக் குறை சொல்ல முடியுமா என்றும் தோன்றுகிறது. நடுவில் ஏழு வருசம், எத்தனையோ பேர் எடுத்த முடிவுகள்.

ஆப்கானிஸ்தானிலும் பார்த்தேன். 2009 டிசம்பர் 1-ல் ஒபாமா 30,000 பேரைக் கூட்டினார், திரும்பக் கூப்பிடத் தொடங்கும் மாதம் 2011 ஜூலை என்றும் அதே உரையில் சொன்னார். படை ஒரு லட்சத்தை எட்டியது. அங்கே மக்கள் சாவு ஐ.நா. கணக்கில் 2009-ல் 2,400, 2010-ல் 2,800, 2011-ல் 3,000 என்ற அளவில் கூடியதே தவிர இறங்கவில்லை. படை கூடியது, ஷேக்குகள் திரும்பிய மாதிரி அங்கே எதுவும் பெரிதாக நடக்கவில்லை. போர்வெல் அண்ணா சொன்ன பக்கத்துக் கிணறு என்று இதைச் சொல்லலாமா?


அரச்சலூர் ஹவில்தார் (ஓய்வு) | புதன் காலை 5.50

கண்ணு, அந்தக் கேள்வியை விட்டுவிடாதே. நீ தேதி போட்டுக் கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. போகும்போது எங்களுக்கு யாரும் தேதி சொல்லவில்லை. எதைப் பார்த்தால் திரும்பலாம் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆள் கூட்டும்போது கேட்டிருப்போம்.


பல்லடம் போர்வெல் | புதன் காலை 8.15

பக்கத்துக் கிணறுதான் தங்கச்சி, ஆனால் அடியில் பாறை வேறு. ஒப்பிடலாம், அடியோடு சமம் என்று வைக்கக் கூடாது.


கோபி வாத்தியார் | புதன் இரவு 9.00

நாளை வகுப்பில் இதை எடுக்கிறேன். பதில் சொல்லப்போவதில்லை. பாதிப் பேருக்கு 2007 ஜனவரி உரையின் சாரத்தை மட்டும் கொடுத்து, எந்த மாதம், எதைப் பார்த்தால் பலித்தது என்பீர்கள், எதைப் பார்த்தால் இல்லை என்பீர்கள் என்று எழுதி வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிடுவேன். மீதிப் பேருக்கு முதலிலேயே சாவுக் கோட்டைக் காட்டிவிட்டு அதே கேள்வியைக் கேட்பேன். இரண்டு கட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

நாமக்கல்காரரே, ஒரு உதவி. பழைய மணிப்பூர் டிரிப் ஷீட்டுகள், டிரைவர் பெயரையும் வண்டி எண்ணையும் மறைத்து, ஒரு பத்து வருசத்துக்கு நகல் கிடைக்குமா? படி, பகல் ஹால்ட், ரசீது இல்லாத வரி, மூன்று பத்தி போதும். மாணவர்களை விட்டே கோடு போடச் சொல்கிறேன்.


நாமக்கல் டிரிப் ஷீட் | புதன் இரவு 9.40

மேல் அட்டாலியில் மூட்டையாகக் கிடக்கிறதுங்க. சனிக்கிழமை பையனை விட்டு இறக்குகிறேன். சில வருசம் எலி கடித்திருக்கும், இருக்கிறதைத் தருகிறேன்.